பின்னால் ஒரு விளக்கு

குளிரில் ஒரு மனுஷி வெளியே போக இவ்வளவு உடுப்பா என்று கொரின் கேட்டபோது, அவள் புருஷன் லைல் ட்ரோசார் சமையலறைத் தரையில் மண்டியிட்டு அவளுடைய இரண்டாவது பூட்ஸை மாட்டிவிட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட அவன் மண்டியிட்டதில்லை. அன்றைக்குக் கையில் தூண்டில் இருந்தது, மீன் வேறு கடித்துவிட்டது என்று இன்றுவரை சாக்கு சொல்லிக்கொண்டிருக்கிறான்.

உள்ளே ஒரு கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி, அதற்கும் மேலே மார்புவரை ஏறி வார் வைத்து மாட்டும் கால்சட்டை, அதன்மேல் ஜாக்கெட். கழுத்துக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று. விரல் வைத்து எதையும் எடுக்க முடியாத கையுறை. முகக் கண்ணாடியில் பனி படியாமலிருக்க மின்சாரத்தில் சூடாகும் ஹெல்மெட். அதன் விலையை அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் ஹெல்மெட் பறக்கும் என்று இருவருக்குமே தெரியும்.

"இதுக்குள்ள இருக்கும்போது பாத்ரூம் வந்தா என்ன பண்றது?" என்றாள் கொரின்.

"முன்கூட்டியே யோசிச்சு வச்சுக்கணும்."

"எவ்வளவு முன்கூட்டி?"

"அக்டோபர்ல."

ஜாக்கெட்டும் கால்சட்டையும் கிளிப்பச்சை. அந்த நிறத்தை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. பனியில் மோட்டார் சைக்கிள்போல் ஏறி ஓட்டும் பனிவண்டிகளை விற்கிற, டாமராக் ஊரின் ஒரே கடையில் எவனும் சீண்டாமல் கிடந்த சரக்கு அது. போன ஏப்ரலில் பாதி விலை என்று எழுதிப் போட்டான் கடைக்காரன். விஸ்கான்சின்காரனுக்குப் பாதி விலை என்றால் கண் தெரியாது. அந்த வட்டாரம் முழுக்க அள்ளிக்கொண்டு போனது. இந்தக் குளிர்காலத்தில் எந்தக் காட்டுப் பாதையில் நின்று பார்த்தாலும் கிளிகள் சர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

கொரின் இந்தப் பனிவண்டிச் சவாரிக்கு எப்படிச் சம்மதித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்குத் தபால் ஆபீஸில் கவுன்ட்டர் வேலை. நவம்பரில் ஒருநாள் அலமாரிக் கதவு கழன்று, கொதிக்கும் சூப்புக்குள்ளேயே விழுந்தது. சமையலறையைப் புதுசாகக் கட்டுவோம் என்றாள். காசில்லையே கண்ணே என்றான் லைல். அதே வாரம் அவன் பனிவண்டிக்குப் புது ரப்பர் பட்டை, ஆள் உயரப் பார்சலாக, அவளுடைய கவுன்ட்டருக்கே வந்து சேர்ந்தது. வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் முன்னிலையில் அவளே அதைத் தூக்கி அவனிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

அன்று ராத்திரி தீர்ப்பு வந்தது. "உன்கூட ஒரே ஒரு நாள் வரேன். காலையில கிளம்பி சாயங்காலம் வரைக்கும். வருஷக்கணக்கா வா வான்னு கூப்பிடறியே, அதுல என்னதான் இருக்குன்னு பாத்துடறேன். பிடிச்சா சரி. பிடிக்கலேன்னா ரெண்டு வண்டியும் வாசல்ல நிக்கும், 'விற்பனைக்கு'ன்னு போர்டு தொங்கும். சமையலறை வரும்."

ரெண்டு வண்டி என்றால், ஒன்று லைல் கண்ணைப்போல் வைத்திருக்கும் மஞ்சள் வண்டி. இன்னொன்று, அவளுடைய பிறந்தநாளுக்கு என்று அவன் ஒரு காலத்தில் வாங்கிக் கொடுத்த கறுப்பு வண்டி. அவள் அதில் ஏறியதே இல்லை. என் பிறந்தநாளுக்கு உனக்கே ஒரு பரிசு வாங்கிக்கொண்டாயா என்று கேட்டதோடு சரி.

லைலுக்கு அதைவிட்டால் வேறு உலகம் கிடையாது. வாரம் முழுக்க வீடு வீடாகப் போய் சமையல் வாயு நிரப்புகிற லாரி டிரைவர் அவன்; குழாயை மாட்டி, கழற்றி, பில்லைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வருகிற ஆள். சனிக்கிழமை வந்தால்தான் பனிவண்டிக்காரர்கள் வைத்திருக்கும் 'குவியல் உடைப்போர் சங்க'த்தின் தடப் பொறுப்பாளர். தடம் காட்டக் காட்டுக்குள் கம்பு நடுவது அவன், பாலத்துக்குப் பலகை அடிப்பது அவன், நிதி திரட்ட சங்கம் போடும் காலைச் சாப்பாட்டில் தோசைக்கல் முன்னால் நின்று பான்கேக் புரட்டுவதும் அவன். "லைலைக் கேளு, லைலுக்குத் தெரியும்" என்று அங்கேதான் நாலு பேர் சொல்வார்கள். வண்டி போனால் அந்த லைலும் போய்விடுவான். சங்கத் தலைவன் புட்ச் வொய்டாசெக் விஷயம் கேள்விப்பட்டு, யாரோ ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

வாசலில் வண்டிகளைக் கிளப்பிவிட்டு லைல் பாடம் எடுத்தான். "நான் முன்னாடி, நீ பின்னாடி. எதிர்ல ஆள் வந்தா, நமக்குப் பின்னாடி எத்தனை பேர் வராங்கன்னு விரல்ல காட்டணும். நான் ஒரு விரல் காட்டுவேன். கடைசி ஆள் கையை மூடிக் காட்டணும். எனக்குப் பின்னாடி யாருமில்லைன்னு அர்த்தம்."

"அப்ப கடைசி ஆள் நான்தான்."

"ஆமா."

"எப்பவும்போல."

லைல் சிரித்தான். அதிலே சிரிக்க என்ன இருந்தது என்று அவன் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "இன்னொண்ணு. ஒவ்வொரு திருப்பத்துலயும் நான் நிப்பேன். பின்பக்கம் பாக்கற கண்ணாடியில உன் விளக்கு தெரிஞ்சப்புறம்தான் கிளம்புவேன். அதனால நீ தொலையவே மாட்டே. இது எங்க சங்கத்துல சட்டம்!"

சொன்னபடியே செய்தான். திருப்பம் வந்தது, நின்றான், விளக்கு தெரிந்தது, கிளம்பினான். அடுத்த திருப்பம், நின்றான், விளக்கு, கிளம்பினான். ஆனால் அந்த விளக்கு வந்து சேர்வதற்குள் அவனுக்குத் தாடி முளைத்துவிடும்போல இருந்தது. கொரின் நத்தையாக ஊர்ந்தாள். பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று குழந்தை குட்டியோடு அவர்களை முந்திக்கொண்டு போனது. கடைசியாகப் போன பொடியன் மூடிய கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, திரும்பி கொரினைப் பார்த்துச் சிரித்தான்.

மத்தியானம் 'வளைந்த கொம்பு' விடுதியில் இறங்கினார்கள். வெளியே வண்டிகள் சந்தை மாடுகள்போல் நின்றன. உள்ளே கிளிப்பச்சைக் கூட்டம், ஈரக் கையுறைகளின் நாற்றம், பீன்ஸ் சூப், சீஸ் துண்டுகள் எண்ணெயில் பொரியும் வாசனை. கொரின் ஹெல்மெட்டைக் கழற்றினாள். ஸ்டாம்ப் ஒட்டாமல் கவர் நீட்டுகிறவனை கவுன்ட்டரில் பார்ப்பாளே, அந்த முகம்.

"எப்படி இருக்கு?" என்றான் லைல், குரலில் தேனைத் தடவி.

"முதுகு இருக்கு."

"முதுகா? வலிக்குதா?"

"என் முதுகு இல்ல. உன் முதுகு. காலையிலேர்ந்து அதை ஒண்ணைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

லைலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனசுக்குள் வாசலில் போர்டு ஆடியது. சாப்பிட்டு முடித்ததும் கொரின் பாத்ரூமைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "போய்ட்டு வரேன். நான் அக்டோபர்ல யோசிக்கல."

அந்த உடுப்பைக் கழற்றி மாட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. லைல் வெளியே போய் இரண்டு வண்டிகளையும் கிளப்பிச் சூடாக்கினான். பனி பொழிய ஆரம்பித்திருந்தது. மற்றவர்களுக்கு வழிவிட்டு, தன் வண்டியைத் தடத்தின் வாய்க்குக் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் ஒரு விளக்கு வந்து நின்றது. பின்னால் ஒரு கிளிப்பச்சை. லைல் கட்டைவிரலைத் தூக்கினான். அங்கேயும் கட்டைவிரல் எழுந்தது. கிளம்பினார்கள்.

அப்புறம் நடந்ததை லைலாலேயே நம்ப முடியவில்லை. முதல் திருப்பத்தில் நின்றான், உடனே விளக்கு! கொஞ்சம் வேகம் கூட்டிப் பார்த்தான், அடுத்த திருப்பத்திலும் உடனே விளக்கு! ஏரிக்கரை மேட்டில் எகிறி இறங்கினான்; பின்னால் அதுவும் எகிறி இறங்கியது. அடடா, என்ன வளைவு, என்ன லாகவம்! எல்லாம் அந்த பீன்ஸ் சூப் செய்கிற வேலை என்று நினைத்தான். எதிரே வந்தவர்களுக்கு அவன் காட்டிய ஒற்றை விரலில் அப்படி ஒரு பெருமை. வருஷக்கணக்காகத் தனியாக வந்து, மூடிய கையைக் காட்டிக்காட்டிப் பழகிப்போன மனுஷன் அவன். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கழுகுப் பாறைக்கு வந்ததும் அவனால் அடக்க முடியவில்லை. அங்கிருந்து கீழே ஏரி முழுக்க வெள்ளையாகத் தெரியும். இஞ்சினை நிறுத்தினான். பின்னால் வந்த வண்டியும் பக்கத்தில் வந்து நின்று அமைதியானது. வண்டி, ஆள், ஹெல்மெட் எல்லாம் பனித்தூள் அப்பி ஒரே வெள்ளை. இருவர் முகத்தையும் கறுப்புக் கண்ணாடி மூடியிருந்தது. லைல் இறங்கிப் போய் அந்தப் பச்சைத் தோளில் கை வைத்தான்.

"உன்மேல எனக்கு எவ்வளவு பிரியம்னு நான் சொன்னதே இல்ல," என்றான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "சொல்லத் தெரியல. ஆனா நீ இன்னிக்கு என்கூட வந்தே பாரு, இதைவிட எனக்கு வேற சந்தோஷமே இல்ல. சமையலறை கேட்டே இல்ல? கட்டிடுவோம். கடன் வாங்கியாவது கட்டிடுவோம்."

சொல்லிவிட்டு, தன் ஹெல்மெட்டால் அந்த ஹெல்மெட்டை மெதுவாக முட்டினான். பனிவண்டிக்காரர்கள் முத்தம் கொடுப்பது அப்படித்தான். அந்த உருவம் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டது. உள்ளே விசும்பல் கேட்டது. பிறகு முகக் கண்ணாடியை மேலே தூக்கியது.

அங்கே ஒரு மீசை இருந்தது. அடர்ந்த, செம்பட்டை மீசை. நுனியில் பனிக்கட்டி வேறு தொங்கியது.

"மாமா!" என்றது மீசை, கண்ணீரோடு. "உங்க வாயாலே இப்படி ஒரு வார்த்தை வரும்னு நான் கனவுலகூட நினைக்கல மாமா. ஆனா சமையலறை நான் கேக்கவே இல்லையே?"

லைலும் கண்ணாடியைத் தூக்கினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேய் முழி முழித்தார்கள்.

"நீ யாருடா?" என்றான் லைல்.

"பிரெஸ்டன். இல்லினாய்ல பல் டாக்டர். நீங்க... நீங்க என் மாமனார் இல்லையா?"

"என்னைப் பாத்தா உன் மாமனார் மாதிரியா இருக்கு?"

"பின்னாடியிலேர்ந்து அப்படியேதான் இருந்தீங்க!"

மாமனார் முன்னாடியே போய் நின்றுவிட்டார் என்று நினைத்து, தடத்தின் வாயில் நின்ற பச்சை முதுகின் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறான் அந்தப் பல் டாக்டர். மாமனாரோ அந்த நேரத்தில் விடுதிப் பாத்ரூமில் தன் கால்சட்டையோடு போராடிக்கொண்டிருந்தார். லைல் இதைக் கேட்டுச் சிரித்திருப்பான். ஆனால் அதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது, கொரின் அங்கே இல்லை.

வந்த வழியே திரும்பிப் பறந்தான். இந்தத் தடத்தில் பீவர் என்கிற நீரெலிகள் அணை கட்டிய இடத்தில் ஐஸ் மெல்லிசு. அவளுக்குத் தெரியாது. ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் சதுப்பு. அதுவும் தெரியாது. ஃபோன் இந்தக் காட்டில் பிடிக்காது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பனி கண்ணை மறைத்தது. போர்டு, சமையலறை, சங்கம் எல்லாம் அவன் தலையிலிருந்து எங்கோ விழுந்து போயிருந்தன. நாசமாப் போறவனே, முட்டாளே என்று ஹெல்மெட்டுக்குள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

'வளைந்த கொம்பு' வாசலில் கறுப்பு வண்டி இல்லை. உள்ளே ஓடினான்.

"கொரின் எங்க?"

கல்லாவில் இருந்த லவெர்ன் நிமிர்ந்து பார்த்தாள். "உன் பின்னாடிதானே போனா? அப்பவே போயிட்டாளே."

"என் பின்னாடி வரல!"

"பின்னே யார் பின்னாடி போனா?"

மூலையில் ஒரு பெரியவர் நிதானமாகப் பொரித்த சீஸைச் சாஸில் தோய்த்துக்கொண்டிருந்தார். லைலின் பின்னால் வந்த மீசையைப் பார்த்து, "அட, வந்துட்டியா? அவசரமே இல்லையே," என்றார். அவர்தான் மாமனார் வாண்டர்மோலன். உண்மையிலேயே முதுகு லைலின் முதுகுதான்.

புட்ச் எழுந்து வந்தான். தேடிப் போவது என்றால் சங்கத்தில் அவன்தான் முதல் ஆள். "பதறாதே. அடையாளம் சொல்லு. என்ன டிரெஸ்?"

"கிளிப்பச்சை."

புட்ச் தன் சட்டையைப் பார்த்தான். பிறகு அந்த அறையைப் பார்த்தான். "சரி... வண்டி?"

"கறுப்பு. இப்ப வெள்ளையா இருக்கும்."

"தடத்துல கடைசியா அவளை எங்க பாத்தே?"

"விடுதிக்கு வர வழியில எல்லாத் திருப்பத்துலயும் பாத்தேன். விளக்கு தெரிஞ்சப்புறம்தான் கிளம்பினேன், சத்தியமா."

"விளக்கைக் கேக்கல லைல். அவளைக் கேக்கறேன்."

லைல் அங்கேயே ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "வண்டியை வித்துடறேன் புட்ச்," என்றான். குரல் உடைந்தது. "ரெண்டையும் வித்துடறேன். எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு யாரையாவது. அவ வந்தா போதும்." பிரெஸ்டன் மூக்கை உறிஞ்சினான். வாண்டர்மோலன்கூடச் சீஸைக் கீழே வைத்தார்.

புட்ச் ஹெல்மெட்டை எடுத்து மாட்டப் போன சமயம், ஜன்னலில் வெளிச்சம் அடித்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். காட்டிலிருந்து வரிசையாக விளக்குகள். முதலில் வந்த வண்டி நாலு விரலைக் காட்டியது. அடுத்தது மூன்று, அடுத்தது இரண்டு, அடுத்தது ஒன்று. கடைசியாக வந்த கறுப்பு வண்டியில் இருந்தவள், ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, மூடிய கையை வானத்துக்கு உயர்த்தினாள்.

ஹெல்மெட் கழன்றது. கொரினின் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. முடி நாலா பக்கமும் நின்றது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

லைல் பனியில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடி அவளைக் கட்டிக்கொண்டான். அந்தப் பொதி உடுப்பில் இருவர் கையும் ஒருவரை ஒருவர் சுற்றி எட்டவில்லை.

முன்னால் வந்தவர் பெர்னடீன் க்ளுக். ஏரிக்கு அக்கரையில் 'பனி ஆந்தைகள்' என்று பெண்கள் சங்கம் வைத்து, குவியல் உடைப்போரைக் கண்டாலே முறைக்கிறவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். "நான் தலை எண்ணாம எந்த இடத்துலேர்ந்தும் கிளம்பினதில்ல," என்றார். "நாங்க நாலு பேர். முதல் திருப்பத்துல எண்ணினா அஞ்சு தலை. யாரும்மா நீன்னு கேட்டேன். பச்சை முதுகைப் பாத்துப் பின்னாடி வந்துட்டேன்னா. கொண்டுபோய் விட்டுடறோம்னு சொன்னோம். இவதான் வேண்டாம், இன்னும் கொஞ்சம் சுத்தலாம்னுட்டா!"

"சுத்தலாம்னியா?" என்றான் லைல். "நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன்!"

"நீ முதல் திருப்பத்துலயே கண்டுபிடிச்சுத் திரும்பி வந்துடுவே, நான் யார் பின்னாடி போனேன்னு இங்க லவெர்ன் பாத்துச் சொல்லிடுவான்னு நினைச்சேன்," என்றாள் கொரின். "எத்தனை திருப்பம் போனே?"

லைல் வானத்தைப் பார்த்தான்.

"பதினொண்ணு," என்றான் பிரெஸ்டன், உதவி செய்கிற நினைப்பில்.

கொரின் பிரெஸ்டனைப் பார்த்தாள். அவன் மீசையைப் பார்த்தாள். பிறகு லைலைப் பார்த்தாள். விடுதி வாசலில் நின்ற அத்தனை கிளிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

"நான் எப்படிக் கண்டுபிடிச்சேன் தெரியுமா, அது நீ இல்லைன்னு?" என்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "முதல் திருப்பத்துல பெர்னடீன் நின்னாங்க. இறங்கினாங்க. நடந்து வந்து, என் கண்ணாடியைத் தூக்கி, குளிருதா, நல்லா இருக்கியான்னு கேட்டாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ இல்லைன்னு."

ஏதாவது சொல்லித் தப்பிக்கிற ஆள்தான் லைல்; தூண்டில் கதையெல்லாம் சொல்கிறவன். இந்த முறை சாக்கைத் தேடவில்லை. "தப்புதான்," என்றான். "விளக்கையே பாத்துக்கிட்டிருந்துட்டேன்." தலையைக் குனிந்துகொண்டான். "போர்டு நானே எழுதறேன்."

"எதுக்கு போர்டு?"

"விக்கறதுக்கு."

"யாரு விக்கச் சொன்னா?" என்றாள் கொரின். "வர சனிக்கிழமை ஆந்தைங்க வடக்குக் காட்டுக்குப் போறாங்க. நானும் போறேன். கறுப்பு வண்டி இழுக்கவே மாட்டேங்குது, உன் மஞ்சள் வண்டியை எடுத்துக்கிறேன். சமையலறையும் கட்டறோம். கடன் வாங்கியாவது."

பிரெஸ்டன் தலையாட்டினான். "அவர் ஏற்கெனவே சத்தியம் பண்ணிட்டாருங்க. எங்கிட்ட."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புட்ச் விழுந்து விழுந்து சிரித்தான். மஞ்சள் வண்டி கைவிட்டுப் போகிற துக்கத்தையும் மீறி லைலும் சிரித்தான்.

வீடு திரும்பும்போது கொரின் முன்னால் போனாள், மஞ்சள் வண்டியில். லைல் கறுப்பு வண்டியில் தடதடவென்று பின்னால் ஊர்ந்தான். அப்போதுதான் தெரிந்தது, பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிறவர் முதுகைத் தவிர ஒன்றுமே தெரிவதில்லை, போதாக்குறைக்கு அவர் கிளப்புகிற பனி முழுக்க மூஞ்சியில் வந்து விழும். எதிரே இரண்டு பேர் வந்தார்கள். கொரின் கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினாள். லைல் கையை மூடி உயர்த்தினான். வருஷக்கணக்காகத் தனியாகக் காட்டிய அதே கைதான். இன்றைக்கு அது அவனுக்கு வேறு மாதிரி இருந்தது.

ஊருக்குள் நுழைகிற கடைசித் திருப்பத்தில் அவள் நின்றாள். கண்ணாடியில் அவன் விளக்கு தெரிந்தது, ஆனாலும் கிளம்பவில்லை. இஞ்சினை நிறுத்தி இறங்கினாள். பனியில் தொப் தொப்பென்று நடந்து வந்தாள். அவன் முகக் கண்ணாடியைக் கையுறை விரலால் தூக்கி, குனிந்து, நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"என்ன?" என்றான் லைல்.

"மீசை இல்ல," என்றாள். "நீதான். வா போலாம்."